பதினாலாம் நம்பர் வீட்டுச் சுவர்

அத்தியாயம் 9

2011 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. காலை ஏழு நாற்பது.

பெல்லாசியோ குடும்பத்தில் அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டார்கள். பொதுவாக அந்த வீட்டில் அது நல்லதற்கு இல்லை.

எர்மன்னோ மேசை முழுக்க அச்சுத் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். இருபத்தெட்டு வருடங்களாக 'ஸ்பிகோலோ' என்ற கட்டடக்கலை மாத இதழுக்கு அவர்தான் ஆசிரியர். டிசம்பர் இதழ் அன்று மாலை ஐந்து மணிக்குள் பெர்கமோவில் இருக்கும் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

அட்டையில் வரப்போவது அவர் மகன் துல்லியோ செஸ்தோவில் கட்டிய கூட்டுறவுக் குடியிருப்பு. நாற்பத்திரண்டு வீடுகள். மகன் கட்டியது என்பதால் தேர்வுக் கூட்டத்தில் எர்மன்னோ எழுந்து வெளியே போய் நின்றதும், மற்ற மூன்று பேரும் ஒரே குரலில் அதையே அட்டைக்குத் தேர்ந்தெடுத்ததும் போன வாரக் கதை.

முப்பத்தெட்டு வயதில் துல்லியோவுக்கு அது முதல் சொந்தக் கட்டடம். பக்கத்து ஊர் ஒன்றில் புதிதாகப் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். அதற்குத் திட்டம் வரைந்து தர அழைக்கப்படும் ஆறு பேரில் அவனும் இருக்க வேண்டுமானால் இந்த அட்டைப் படம் கையில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மார்ச்சோடு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, பழையபடி இன்னொருவர் பெயரில் படம் வரையப் போக வேண்டியதுதான்.

"எர்மன்னோ, அந்தப் பேப்பரை எடு. பால் கொட்டிடும்" என்றாள் இனெஸ். நகரசபைப் பதிவு அலுவலகத்தில் வேலை. எட்டேகால் டிராமைப் பிடிக்க வேண்டும். "இருபத்தெட்டு வருஷமா உன் புத்தகத்துல எத்தனை வீடு பாத்திருக்கேன். ஒரு வீட்டுலயாவது ஒரு ஜோடி செருப்பு கிடந்திருக்கா?"

"செருப்பு கட்டடக்கலை இல்ல."

"அப்ப வீடும் இல்ல."

மேசையின் மறுமுனையில் மகள் லவீனியா மடிக்கணினியோடு உட்கார்ந்து பிஸ்கட்டைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். வயது முப்பத்து மூன்று. வசந்த காலத்தில் வேலை போய், பழைய அறைக்கே திரும்பி வந்தவள். அவள் நடத்தும் வலைப்பூவின் பெயர் 'ஸ்டெண்டினோ'. துணி உலர்த்தும் மடக்குக் கம்பிக்கு அங்கே அதுதான் பெயர். ஆட்கள் குடிவந்த பிறகு கட்டடங்கள் என்ன ஆகின்றன என்பதை மட்டுமே ஆறு வருடமாக அதில் எழுதி வருகிறாள். படங்களை அனுப்புவது அங்கே குடியிருப்பவர்கள்.

வியாழக்கிழமைதோறும் அதில் ஒரு விளையாட்டு உண்டு. 'இது எது?' என்ற தலைப்பில் ஒரே ஒரு படம். கட்டடத்தின் பெயர் கிடையாது, கட்டியவர் பெயரும் கிடையாது. வாசகர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பெயரைப் பார்த்து மரியாதை வந்துவிடக் கூடாது என்பதற்காக, அது எந்தக் கட்டடம் என்று படம் அனுப்புபவரிடம் அவளும் கேட்டுக்கொள்ள மாட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் போட்ட படத்தில் ஒரு படுக்கையறை மூலை. ஜன்னலோரச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. அதன் கீழே மடித்து வைத்த துண்டு, ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி. முன்னால் துணிக்கம்பியில் வெள்ளைச் சட்டைகள். அனுப்பியவர் 'ந' என்று மட்டும் கையெழுத்திட்டிருந்தார்.

"துல்லியோ எழுதினதைப் பாருங்க" என்று சிரித்தாள் லவீனியா. அண்ணன் தன் முழுப்பெயரிலேயே பின்னூட்டம் போட்டிருந்தான். அவள் வாய்விட்டுப் படித்தாள். "ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவுல என்ன நடக்கும்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்காம எவனோ வரைஞ்சிருக்கான். இவனுக்கெல்லாம் எந்தக் காலேஜ்ல பட்டம் குடுத்தாங்க?"

"சரியாத்தான் கேட்டிருக்கான். அறுபதுகள்ல ரோம்ல அவசரமா கட்டின கட்டடம். பாத்தாலே தெரியுது" என்றார் எர்மன்னோ தாளிலிருந்து தலை நிமிராமல்.

"பாத்தீங்களா? நீங்கதான் இதையெல்லாம் பாக்கறதே இல்லையே!"

"வெள்ளிக்கிழமை காலைல குளியலறைல இருபது நிமிஷம் வேற என்ன பண்றார்னு நினைச்ச?" என்றாள் இனெஸ், கோட்டை மாட்டிக்கொண்டே.

எர்மன்னோவின் காது சிவந்தது. லவீனியா இன்னும் சிரித்தபடி பக்கத்தைக் கீழே நகர்த்தினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பின்னூட்டங்கள். வழக்கமாக நாற்பது தாண்டாது. துல்லியோ எழுதியதற்கு நேர் கீழே, காலை ஆறு ஐந்துக்கு வந்த பதிலில் அவள் கண் நின்றது.

'படம் அனுப்பியது நான்தான். ஆர்க்கிடெக்ட் பெல்லாசியோ, இது உங்கள் கட்டடம். செஸ்தோ, இரண்டாம் மாடி, பதினாலாம் நம்பர். சாவி தந்த அன்று என் கையைக் குலுக்கி, நல்லா வாழுங்க என்று சொன்னீர்கள். நிவெஸ்.'

லவீனியா மடிக்கணினியை மெல்ல அப்பா பக்கம் திருப்பினாள். பிஸ்கட் பாதி கரைந்து காபிக்குள் விழுந்தது.

எர்மன்னோ படித்தார். பிறகு மேசையில் கிடந்த நாற்பத்தாறாம் பக்கத்தைக் கையில் எடுத்தார். அதே படுக்கையறை. ஜூன் மாதத்தில், ஆட்கள் குடிவருவதற்கு முன்பு, அதிகாலை வெளிச்சத்தில் எடுத்தது. வெள்ளைச் சுவர், வெறும் தரை, நடுவில் ஒரே ஒரு நாற்காலி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்ல. இது வேற ரூம்."

"அப்பா, ஜன்னல் கைப்பிடியைப் பாருங்க."

பார்த்தார். துல்லியோ தானே வரைந்து, மாந்தோவா பக்கத்தில் ஒரு கொல்லனிடம் செய்ய வைத்த பித்தளைக் கைப்பிடி. இதழில் அதற்கென்றே கால் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

எட்டேகால் டிராமை இனெஸ் விட்டுவிட்டாள்.

துல்லியோ எட்டு நாற்பதுக்கு வந்தான். மணி அடிக்காமல் கதவைத் தட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"எடு அதை. முதல்ல எடு. அப்புறம் பேசலாம்."

"எடுத்தா மட்டும்? மூணு வலைதளத்துல நகல் போட்டாச்சு. ஒருத்தன் தலைப்பே வெச்சுட்டான், 'தன் கட்டடத்தைத் தானே திட்டிய ஆர்க்கிடெக்ட்'னு."

"நீ என் தங்கச்சி! என் கட்டடம்னு உனக்குத் தெரியலையா?"

"உனக்கே தெரியலையே!"

"நான் போன்ல பாத்தேன்."

"நான் பெரிய திரைலதான் பாத்தேன், அப்பவும் தெரியல. அந்தக் கட்டடத்துக்குள்ள நான் கால் வெச்சதே இல்ல, துல்லியோ. நீ வரைஞ்சதைப் பாத்தேன், மாதிரியைப் பாத்தேன், இதழுக்காக எடுத்த எண்பத்தாறு படத்தையும் பாத்தேன். அதுல எந்தப் படத்துல நீலத் தொட்டி இருந்துச்சு?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அதாவது, இதழின் அட்டைமேல். எர்மன்னோ அதை எடுத்து நாற்காலியில் வைத்தார். அவர் இதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் ஏன் என்று தெரியும்.

ஸ்பிகோலோவுக்கு ஒரு விதி உண்டு. எர்மன்னோவே எழுதி, அவரே காத்து வந்த விதி. வேறு எங்கும் வெளிவராத கட்டடம் மட்டுமே இதழில் வரும். ஒரு படம் வெளிவந்திருந்தாலும் போதும், அந்தக் கட்டடம் தீய்ந்துபோனது என்பார்கள். ஒவ்வொரு ஆர்க்கிடெக்டும் அதற்குக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். துல்லியோவும் போட்டிருந்தான். இந்த விதியைச் சொல்லி எர்மன்னோ இதுவரை பத்தொன்பது கட்டடங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"அப்பா" என்றான் துல்லியோ. குரல் இறங்கியிருந்தது. "அது வலைப்பூ. பத்திரிகை இல்ல. யார் வேணும்னா எதை வேணும்னா போடலாம், அது பிரசுரம் ஆகாதுன்னு நீங்களே இந்த மேசைல நூறு தடவை சொல்லியிருக்கீங்க."

"சொல்லியிருக்கேன்."

"அப்பறம் என்ன? இன்னைக்கும் அதையே சொல்லுங்க. ஐந்து மணிக்கு அனுப்புங்க."

லவீனியா நிமிர்ந்தாள். "ஆறு வருஷமா அப்ப நான் என்ன பண்ணிட்டிருக்கேன்?"

"துணி காயப்போட்டுட்டிருக்க."

"உன் கட்டடத்துல அது காய மாட்டேங்குதுன்னுதான் அந்தம்மா எனக்குப் படம் அனுப்பியிருக்கா."

"லவீனியா!" என்றார் எர்மன்னோ.

"இல்லப்பா, ஒண்ணு கேக்கணும். பிரெஷ்யால சவெல்லின்னு ஒரு ஆர்க்கிடெக்ட். ஞாபகம் இருக்கா? அவ கட்டின வீட்டை ஏன் திருப்பி அனுப்பினீங்க? அவ அக்கா பையன் காலேஜ் வலைதளத்துல ஒரே ஒரு படம் போட்டதுக்கு. 'இணையத்தில் வந்தாலும் வந்ததுதான்'னு நீங்க எழுதின கடிதத்தை நான்தான் தட்டச்சு பண்ணினேன். அடுத்த வருஷம் அவ ஆபீஸை மூடிட்டா. யாரையாவது திருப்பி அனுப்பணும்னா அது பிரசுரம். என்னை மதிக்கணும்னா மட்டும் அது பிரசுரம் இல்லையா?"

காபிப் பாத்திரம் அடுப்பில் பொங்கி வழிந்து தீயை அணைத்தது.

எர்மன்னோவின் சிக்கல் இதுதான். மகளின் எழுத்து பிரசுரம் என்று ஒப்புக்கொண்டால் மகனின் அட்டை போகும். இல்லை என்று சொன்னால் அட்டை நிற்கும். ஆனால் ஆறு வருட உழைப்புக்குப் பெயரே கிடையாது என்று மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னதாகும். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"செஸ்தோ போகலாம்" என்றார். "நான் இன்னும் அந்த வீட்டுக்குள்ள போனதில்ல."

"அட்டையில போடற கட்டடத்தைப் பாக்கலையா?" என்றாள் இனெஸ். அவள் குரலில் கேலி இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"மாசத்துக்கு எட்டுக் கட்டடம் வரும், இனெஸ். படத்தை வெச்சுத்தான் பாக்கறோம். எல்லாரும் அப்படித்தான்."

இனெஸ் வேலைக்குப் போக, மற்ற மூவரும் பன்னிரண்டரைக்கு செஸ்தோ போய்ச் சேர்ந்தார்கள். பனிமூட்டத்தில் கட்டடம் பாதிதான் தெரிந்தது. ஆனாலும் அழகாக இருந்தது. அதை லவீனியாவால்கூட மறுக்க முடியவில்லை. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பால்கனி ஸ்லாப் சுவரைத் துளைத்து வெளியே நீண்டிருந்தது. அதன் விளிம்பு மூன்று விரல் தடிமன்தான். கீழிருந்து பார்த்தால் கூர்மையான பென்சிலால் இழுத்த ஆறு கோடுகள். அட்டைப் படம் அந்தக் கோடுகள்தான்.

படியேறும்போது முதல் மாடிக் கதவு ஒன்று திறந்தது. தலையில் துண்டு கட்டிய ஒரு ஆள் எட்டிப் பார்த்தார்.

"ஆர்க்கிடெக்ட்! பதினாலுக்கா போறீங்க? நல்லா கேளுங்க அவளை. ஒருத்தி சுவருக்காக எங்க எல்லார் கட்டடத்தோட மானமும் போகணுமா? சங்கத்துல நாற்பத்திரண்டு புத்தகத்துக்குச் சொல்லி வெச்சிருக்கோம். என் மச்சினன் தூரின்ல இருக்கான், அவனுக்கு ஒண்ணு தனியா."

"உங்க வீட்டுச் சுவர் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் லவீனியா.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "அலமாரியை முன்னாடி தள்ளி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நிவெஸ் மருத்துவமனைத் தாதி. ஐம்பதைத் தாண்டியவள். இரவு வேலை முடிந்து, தூங்காமல், ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு நின்றாள். கூட ஆசிரியரும் வந்திருப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

"உக்காருங்க. நாற்காலி மூணுதான் இருக்கு, நான் நிக்கறேன். தொட்டியைத் தாண்டி வாங்க, ஆர்க்கிடெக்ட். வழுக்கும்."

படுக்கையறை வாசலில் துல்லியோ நின்றுவிட்டான். அவன் வரைந்த அறைதான். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுகூட அவன் முடிவு செய்ததுதான். இருந்தும் கட்டில், அலமாரி, கம்பி, சட்டைகள், இஸ்திரி மேசை எல்லாவற்றுக்கும் நடுவே சுவர் எங்கே முடிகிறது என்று தேடினான்.

எர்மன்னோ நாற்பத்தாறாம் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, படம் எடுத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று பின்னால் பின்னால் போனார்.

"அதுக்கு மேல போகாதீங்க" என்றாள் நிவெஸ். "கக்கூஸ்."

"இங்கேர்ந்துதான் எடுத்திருக்கார்."

"அதான் என் வீடு இவ்வளவு பெருசா இருக்கு! படத்தைப் பாத்துட்டு என் அக்கா, கட்டில் எங்க போடுவ, நடுவுல டென்னிஸ் ஆடலாமேன்னா."

எர்மன்னோ திரும்பி வந்து, குனிந்து, மூலையில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தபோது கை ஈரமாக இருந்தது.

"சிஞ்ஞோரா" என்றான் துல்லியோ. "இதை நாங்க சரி பண்ணிடுவோம். நிச்சயமா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், அந்தப் படத்தை எடுத்துடச் சொல்லி..."

"எடுத்தா சுவரு காஞ்சிடுமா?"

"அதில்ல, சிஞ்ஞோரா..."

"சங்கத்துக்கு மூணு கடிதாசி போட்டேன். உங்க ஆபீஸுக்கு ஒண்ணு. பதில் வந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஜன்னலைத் திறந்து வைங்கன்னு. நவம்பர்ல. அப்பறம்தான் இந்தப் பொண்ணுக்கு அனுப்பினேன். இவ மறுநாளே போட்டா."

அந்தப் பதிலைத் துல்லியோ எழுதவில்லை. ஆனால் அவன் பெயரில்தான் போயிருக்கிறது.

எர்மன்னோ பால்கனிக் கதவைத் திறந்து, ஸ்லாப் விளிம்பைத் தடவிப் பார்த்தார். வெளியே குளிரில் நீண்டிருக்கும் அதே காங்கிரீட்தான் உள்ளே வந்து அறைக்குத் தரையாக ஓடியது. குளிரைத் தடுக்க இடையில் எதுவுமே இல்லை; அதனால்தான் மூலை வியர்த்து ஈரமாகிறது.

"குளிர் தடுப்புப் பலகை எங்க?"

"வெக்கல."

"ஏன்?"

"வெச்சு மூடினா விளிம்பு ஒரு சாண் தடிச்சுடும்பா."

"தடிச்சா என்ன?"

"படத்துல கோடு மாதிரி தெரியாது."

"கோடு மாதிரி தெரியணும்னு எவன் சொன்னான்?"

"நீங்கதான்!" துல்லியோவின் குரல் உடைந்து உயர்ந்தது. "பத்து வயசுலேர்ந்து உங்க இதழைத் தரையில விரிச்சுப் போட்டுப் பாத்துத்தானே வளந்தேன்? தடியா இருக்கற ஒண்ணையாவது நீங்க அட்டையில போட்டிருக்கீங்களா? ஒண்ணு? சொல்லுங்க!"

நிவெஸ் லவீனியாவைப் பார்த்தாள். லவீனியா தரையைப் பார்த்தாள். இதை எழுதினால் இந்த வருடத்தின் மிக நல்ல பதிவாக இருக்கும் என்ற எண்ணம் அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது. வந்ததும் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மாலை நாலு இருபது. போர்த்தா வெனேசியா பக்கத்தில், நாலாம் மாடியில் ஸ்பிகோலோ அலுவலகம். பக்க வடிவமைப்பாளர் சபீனா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எடிட்டர் சார், பெர்கமோலேர்ந்து மூணு தடவை போன். அட்டைல நீங்க கையெழுத்துப் போட்டா போதும், மத்ததெல்லாம் போயாச்சு. விளம்பரதாரர் ஒருத்தர் வேற, அந்த வலைப்பூவைப் பாத்துட்டு, என்ன சார் நடக்குதுங்கறார்."

"ஐந்து நிமிஷம் குடு."

கண்ணாடி அறைக்குள் மூன்று பேரும் போனார்கள். அட்டையின் அச்சு நகல் மேசைமேல் இருந்தது. பனி இல்லாத வானம், ஆறு கோடுகள். எர்மன்னோ பேனாவின் மூடியைக் கழற்றினார். துல்லியோ மூச்சை விட்டான்.

ஆனால் அவர் கையெழுத்துப் போடவில்லை.

"துல்லியோ, இன்னைக்கு அந்த ரூம் உனக்கு அடையாளம் தெரிஞ்சுதா?"

"அப்பா, மணி ஆகுது."

"தெரிஞ்சுதா?"

"...இல்ல."

"எனக்கும் தெரியல. தேர்வுலேர்ந்து வெளியே நின்னேன், சரி. ஆனா எண்பத்தாறு படத்துலேர்ந்து இந்தப் பக்கங்களுக்குப் பொறுக்கினது நான். ஒவ்வொரு படத்துக்கும் கீழ ரெண்டு வரி எழுதினது நான். அந்த மூலையைக் காட்டினப்ப, ரோம்ல அறுபதுகள்ல கட்டினதுன்னு சொன்னேன்." பேனாவைக் கீழே வைத்தார். "செஸ்தோல ஒரு கட்டடம் இருக்கு. அதை உள்ளபடி யார் வெளியிட்டது? நான் இல்ல. இவ."

"அதனால?" என்றான் துல்லியோ. பதில் தெரிந்துதான் கேட்டான்.

"அதனால அது வெளிவந்தாச்சு. வெளிவந்ததை நாம போடறதில்ல. பத்தொன்பது பேருக்கு இதைச் சொல்லியிருக்கேன். சவெல்லிக்கும் சொன்னேன்."

"அவளுக்குச் செஞ்ச தப்புக்கு என்னைப் பலி குடுக்கறீங்களா?"

"விதியைப் போட்டவன் நான். என் வீட்டு வாசல்ல வந்து நிக்கறப்ப மட்டும் அது விதி இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

துல்லியோ ஹெல்மெட்டை எடுத்தான். வெகுநேரம் அதன் பட்டியை இழுத்து இழுத்துச் சரிசெய்தான். கோபத்தில் கத்துவான் என்று லவீனியா எதிர்பார்த்தாள். அவன் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான்தான்டி உனக்கு முதல் பின்னூட்டம் போடுவேன்" என்றான் அவளிடம். "யாரும் போடாம காலியா கிடக்கக் கூடாதுன்னு."

கதவைச் சாத்தாமலே போய்விட்டான்.

லவீனியா அப்பாவின் பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் நின்றது, குரலில் ஆத்திரம் இருந்தது.

"நான் இதைக் கேக்கல."

"இதைத்தான் கேட்ட. உன் எழுத்து பிரசுரம்னு சொல்லச் சொன்ன. சொல்லிட்டேன்."

"அவன் கழுத்துல கத்தியை வெச்சா சொல்லணும்? ஆறு வருஷத்துல வேற ஒரு நாள் கிடைக்கலையா உங்களுக்கு?"

சபீனா தலையை நீட்டினாள். எர்மன்னோ அட்டையை மடக்கி அவளிடம் கொடுத்தார்.

"பெர்கமோவுக்குப் போன் போடு. அட்டையும் உள்ளே பன்னிரண்டு பக்கமும் வராது. திங்கக்கிழமை பத்து மணி வரைக்கும் டயம் கேளு."

"பன்னிரண்டு பக்கமா! அதுல எதைப் போடறது, சார்?"

"அதே கட்டடம்தான். புதுக் கட்டடம்னு இல்ல, ஏற்கெனவே வெளிவந்த ஒண்ணைப் பத்திப் புதுசா எழுதின கட்டுரையா. மொத்தமும், சட்டையும் தொட்டியும் சேத்து." மகளைப் பார்த்தார். "உன் பேர்ல."

ஒரு காலத்தில் அந்த இரண்டு வார்த்தைக்காக லவீனியா எதையும் கொடுத்திருப்பாள். இப்போது அவளுக்கு வாய் கசந்தது.

"முடியாது" என்றாள். "சுவரோட குறுக்குவெட்டுப் படம் வேணும். ஸ்லாப் எங்க உள்ள வருது, பலகையை எந்த இடத்துல விட்டான், எப்ப விட்டான், யார் சொல்லி விட்டான். அது இல்லாம நான் எழுதினா வெறும் திட்டுதான் அது, அப்பா. அந்த வரைபடம் துல்லியோகிட்ட மட்டும்தான் இருக்கு."

"கேளு அவனை."

"இப்பவா?"

"வேற எப்ப?"

அவள் கூப்பிட்டாள். நான்கு முறை. நான்கு முறையும் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே பதில் வந்தது. அவன் அலுவலகத்துக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை. அம்மாவிடம் கேட்டாள். அங்கேயும் வரவில்லை. ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. பெர்கமோக்காரர்கள் திங்கள் பத்து மணிக்கு ஒப்புக்கொண்டார்கள், அதற்குமேல் ஒரு நிமிடமும் கிடையாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டு.

ஆறு பத்துக்கு அவள் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். துல்லியோ இல்லை. நிவெஸ்.

"பொண்ணு, உங்க அண்ணன் மறுபடி வந்திருக்கார். தனியா." அவள் குரல் தணிந்திருந்தது. "வெளிய படியில நிக்கறார். கையில சுத்தியல், உளி. பை நிறைய சுருட்டின காகிதம். மூலைச் சுவரை உடைச்சுப் பாக்கணுமாம். இன்னைக்கே பாக்கணுமாம். எதுக்குன்னு கேட்டா வாயே திறக்கல. மூஞ்சியைப் பாத்தா எனக்கு ஒண்ணும் புரியல."

லவீனியா அப்பாவைப் பார்த்தாள். அவர் பாதி எழுந்து நின்றிருந்தார்.

"எட்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பணும்" என்றாள் நிவெஸ். "சீக்கிரம் சொல்லு. உள்ள விடட்டுமா, வேண்டாமா?"